கடைமடை உழவும் மாறிவரும் பருவமும்

காவிரி கடலோடு கலக்கும் நாகப்பட்டினப் பகுதியின் வயல்களைக் கடைமடை என்பர். ஆற்றுநீர் எல்லா ஊர்களுக்கும் பாய்ந்தபின் இவ்வயல்களுக்கு இறுதியாக வந்து சேரும், மழைக்காலத்து வெள்ளமோ மேல்நிலங்களினின்று இறங்கி இங்கே வந்து தேங்கும், கீழ்ப்பாலோ உப்புக்கடல். வறட்சி, வெள்ளம், உவர் ஆகிய இம்மூன்றிற்கும் இடையே நெல் விளைவிக்கும் உழவர், பருவம் முறை மாறிவரும் இந்நாளில் தம் பயிர்த்தொழிலை எவ்வாறு அமைத்துக்கொள்ளுகின்றனர் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, உவர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இப்பகுதி வயல்களில் உப்புநீரையும் கடற்சேற்றையும் பரப்பிச் சென்றது. மண்ணில் உப்பு மிகுமாயின், ஈரம் இருந்தும் வேர் அதனை உறிஞ்ச மாட்டாது. ஆதலால் உழவர் மேற்படிவைச் சுரண்டி அகற்றினர். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கிப் பின் வடித்தனர். சோடியம் படிந்த மண்ணுக்கு ஜிப்சம் இடுவது முறை. அதிலுள்ள சுண்ணச்சத்து சோடியத்தை மண்துகளினின்று விலக்க, நீர் அதனைக் கழுவிச் செல்லும். வடிகால் இல்லையேல் இவ்வுழைப்பெல்லாம் வீணாம். தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுவதும் மண்ணைத் திருத்தும்.

இரண்டாவது, நீர்க்குறைவு. 1934-இல் திறக்கப்பெற்ற மேட்டூர் அணையினின்று ஜூன் 12-ஆம் நாள் பாசனத்திற்கு நீர் விடுவது வழக்கம். அந்நாள் தள்ளிப்போகுமாயின் கடைமடையில் நாற்றங்காலுக்கும் நீர் கிடையாது. ஆகவே உழவர் பலர் புழுதியிலேயே சம்பா விதையைத் தெளித்து மழையை எதிர்நோக்குகின்றனர். இதனால் நாற்றங்கால் நீரும் நடவுக்கூலியும் மிஞ்சும்; களையோ பெருகும். மழையே பொய்ப்பின் இம்முறையும் கைகொடாது. 2016-இல் தமிழகத்து வடகிழக்குப் பருவமழை வழக்கத்தினும் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தபோது பயிர் கருகியதை நாம் அறிவோம்.

மூன்றாவது, வெள்ளம். நீரில் மூழ்கிய நெல் மேலெழ விரும்பி விரைந்து நீளும். அம்முயற்சியில் தன் உணவுச் சேமிப்பைச் செலவிட்டு மடியும். ஒடிசா நாட்டு நெல் ஒன்றின் வழிவந்த வகையில், மூழ்கியபோது வளர்ச்சியை அடக்கி, இரு வாரமளவும் பொறுத்திருக்கும் தன்மை காணப்பட்டது. அதற்குக் காரணமான சப்-1 என்னும் மரபணுவை அறிஞர் கண்டறிந்த செய்தி 2006-இல் வெளியாயிற்று. அதனை ஏற்ற சி.ஆர். 1009 சப்-1 என்னும் நெல் இன்று நம் டெல்டாவிலும் பயிராகிறது. ஆயினும் அத்தன்மை உவரைத் தாங்க உதவாது. உவர் நிலத்திற்குக் குழியடிச்சான் போன்ற பழைய நெல்வகைகளை உழவர் நெடுங்காலமாகக் காத்துவந்துள்ளனர்.

புயலின் கொடுமையோ வேறு. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்தருகே கரைகடந்த கஜா புயல் எண்ணிறந்த தென்னைகளைச் சாய்த்தது. நெல் போயின் மறுபோகம் உண்டு. தென்னையோ மறுபடி காய்க்கப் பல்லாண்டு செல்லும். அதுகாறும் பயறு, நிலக்கடலை, காய்கறி முதலிய குறுகிய காலப் பயிர்களை இடையே இடுவதன்றிக் குடும்பத்தைக் காக்க வேறு வழி அரிது. ஒரே பயிரை நம்பியிருத்தலின் இடரை இந்நிகழ்ச்சி தெளிவுறக் காட்டிற்று.

இவற்றால் நாம் அறியத்தக்கது யாதெனில், எல்லா இடருக்கும் பொருந்தும் ஒரே விதை இல்லை என்பதே. வெள்ளம் தாங்கும் புதுநெல்லும் ஒடிசா உழவர் கைவிடாது காத்த பழநெல்லினின்றே வந்தது; அவ்விதை அழிந்திருப்பின் ஆராய்ச்சிக்கூடம் என்ன செய்ய வல்லது? வளமுள்ள ஏழாண்டுகளில் யோசேப்பு தானியம் சேர்த்தது பஞ்சத்தை முன்னறிந்தன்றோ? விதையைக் காத்தலும் அத்தகைய முன்னறிவே. ஆயினும் வாய்க்கால் தூர்வாருதலும் வடிகால் காத்தலும் தனியொரு குடியானவனால் ஆவன அல்ல. அவை ஊரும் அரசும் கூடிச் செய்யவேண்டிய கடமைகள். கற்றவராகிய நாம் அவ்வயல்களை நாடிச் சென்று, உழவர் அறிந்ததைக் கேட்டுணர்ந்து, நாம் கற்றதை அவரோடு பகிர்ந்துகொள்வோமாயின், நம் கல்வி பயனுடையதாகும்.