ரிசல்ட் அன்றைக்குப் போனைக் கவிழ்த்து வை, தங்கச்சி!

பிளஸ் டூ ரிசல்ட் வரப்போகிறதா? வாட்ஸ்அப்பில் ஊரே அபிப்பிராயம் சொல்லும். அதையெல்லாம் படித்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் விட்ட அம்மாக்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். உனக்கு நேரமில்லை, தெரியும். இதை மட்டும் செய்.

1. மார்க் ஷீட்டை ஸ்டேட்டஸில் போடாதே. பதிவு எண், பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்கிறது. பெருமை தாங்கவில்லையா? உன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்.

2. குரூப்பில் மார்க் கேட்டால், "பாஸாயிட்டான், சந்தோஷம்" என்று சொல்லி நிறுத்து. முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை அரசாங்கமே 2017-ல் விட்டுவிட்டது. சொந்தக்காரர்கள் குரூப்பில் நீ அதை நடத்துவானேன்?

3. இரட்டை அம்புக்குறியோடு வரும் ஃபார்வர்டை நம்பிப் படிப்பை முடிவு செய்யாதே. பல கை மாறி வந்தது என்பதற்குத்தான் அந்த அடையாளம். "இந்தப் படிப்புக்கு வேலையே இல்லை" என்று எழுதினவருக்கு உன் பெண்ணைத் தெரியுமா? அதைப் படித்து வேலையில் இருக்கிற இரண்டு பேரிடம் அவளையே பேச வை. அரை மணி நேரம் போதும்.

4. இன்ஜினீயரிங் கட்-ஆஃபை நீயே போடு. கணக்கு மார்க் அப்படியே 100-க்கு. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டிலும் பாதி. மொத்தம் 200. கவுன்சலிங் தேதியை அரசு இணையதளத்தில் மட்டும் பார். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையா? 7.5 சதவீத ஒதுக்கீட்டை விட்டுவிடாதே.

5. மார்க் குறைந்தால் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போ. முதலில் விடைத்தாள் நகல் வாங்கு. அதைப் பார்த்த பிறகு மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவு செய். விண்ணப்பிக்கக் கொஞ்ச நாள்தான் கொடுப்பார்கள். ஃபெயிலே ஆனாலும் "வருஷம் போச்சு" என்று புலம்பாதே, அதே வருஷம் துணைத்தேர்வு இருக்கிறது.

6. பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் புத்திமதி சொல்லாதே. பக்கத்தில் உட்கார். ராத்திரி தனியாகப் படுக்க விடாதே. பயமாக இருந்தால் 104-க்குப் போன் செய், ஆலோசகர் பேசுவார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

7. யாரிடம் யோசனை கேட்பதற்கு முன்னும், "உனக்கு என்ன படிக்கணும்?" என்று பிள்ளையைக் கேள். பதில் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசாதே. படிக்கப்போவது பிள்ளைதான், குரூப்பில் இருக்கிறவர்கள் இல்லை.