உயர்நிலத்து விருந்தினர்

நுழையும்முன்

பயணம் என்பது இடம் மாறுவது மட்டுமன்று. செல்லும் நிலத்தின் ஒழுங்குக்கு நம்மைப் பழக்கிக்கொள்வதும் ஆகும். காற்று மெலிந்து, நீர் அருகி, குளிர் மிகுந்த உயர்மலைப் பகுதியில் இவ்வுண்மை தெளிவாக விளங்கும். அங்குச் செல்வோர் உடலைக் காத்துக்கொள்ளும் முறை, சோர்வின்றி இயங்கும் வழி, அம்மண்ணின் மக்களுக்குத் துணைநிற்கும் பாங்கு ஆகியவற்றை லடாக் நிலப்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தில்லியிலிருந்து புறப்படும் வானூர்தி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் லே நகரை அடைந்துவிடுகிறது. தில்லி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 216 மீட்டர் உயரத்தில் உள்ளது. லே நகரமோ சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். எனவே, லே நகரின் கடைத்தெருவில் நிற்பவர் தொட்டபெட்டாவின் உச்சியைவிட 850 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்கிறார்.

வானூர்தியிலிருந்து இறங்கியவரின் கண்முன்னே பனிமுடிகள் விரிகின்றன; வானம் ஆழ்ந்த நீலநிறத்தில் காட்சியளிக்கிறது. ஆர்வம் உந்த அவர் விரைந்து நடக்கிறார். மாடிப்படிகளில் பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. 'பொறு' என்பதே அந்நிலம் வந்தவரிடம் கூறும் முதற்சொல். அச்சொல்லுக்குச் செவிசாய்ப்பவரே அங்கு நலமாக வாழவும் பிறருக்குப் பயன்படவும் இயலும்.

மலையும் பாலையும்

'லா' என்னும் சொல் லடாக்கிய மொழியில் மலைக்கணவாயைக் குறிக்கும். கணவாய்கள் நிறைந்த நாடு என்பதே லடாக் என்னும் பெயரின் பொருள். இமயமலைத் தொடருக்கும் காரகோரம் மலைத்தொடருக்கும் இடையே பரந்துள்ள இந்நிலத்தின் ஊடே சிந்து ஆறு பாய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழைமேகங்களை இமயமலை தடுத்துவிடுவதால் லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 100 மில்லிமீட்டர் அளவே ஆகும். குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கும் தாழ்வதுண்டு. மலை என்றதும் நம் நினைவுக்கு வருவது அருவியும் அடர்காடும் உடைய குறிஞ்சி. இங்கோ மலையும் பாலையும் ஒரே நிலத்தில் ஒன்றியிருக்கின்றன. ஆகவேதான் புவியியலாளர் இதனைக் 'குளிர்ப் பாலைவனம்' என வழங்குகின்றனர்.

மழை பொய்த்த இந்நிலத்தில் வாற்கோதுமையும் கோதுமையும் பட்டாணியும் விளைகின்றன; ஆப்பிரிகாட் மரங்கள் செழிக்கின்றன. உயரத்திலுள்ள பனியும் பனியாறுகளும் உருகித் தரும் நீரே இதற்குக் காரணம். அந்நீரைச் சிறு கால்வாய்கள் வழியாக ஊர்மக்கள் வயல்களுக்குக் கொண்டுவருகின்றனர். யார் வயலுக்கு எப்போது நீர் பாய வேண்டும் என்பதை முறைப்படுத்த 'சுர்போன்' என்னும் நீர்ப்பொறுப்பாளரை ஊரார் அமர்த்துகின்றனர். ஒரு குடும்பம் மிகுதியாக எடுத்துக்கொண்டால் மற்றொரு குடும்பத்தின் வயல் காயும். எனவே, அளவறிந்து வாழ்தல் அங்கு அறம் மட்டுமன்று. உயிர்வாழ்வதற்கான அடிப்படைத் தேவையும் ஆகும்.

மெலிந்த காற்றும் பழகும் உடலும்

உயர்ந்த இடத்தில் மூச்சு வாங்குவது ஏன்? காற்றில் ஆக்சிஜன் விகிதம் குறைந்துவிடுவதே காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கடற்கரையிலும் மலையுச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 விழுக்காடே. உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தமே குறைகிறது. லே நகரின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். எனவே, ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலை அடையும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது.

உடல் இக்குறையை ஈடுசெய்ய உடனே முனைகிறது. மூச்சு விரைவாகிறது, இதயத்துடிப்பு மிகுகிறது. மூச்சு விரைவதால் குருதியில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை கூடுகிறது. சிறுநீரகங்கள் அதனைச் சமப்படுத்தச் சில நாள்கள் எடுத்துக்கொள்கின்றன. வாரங்கள் செல்லச்செல்ல, ஆக்சிஜனைச் சுமந்துசெல்லும் குருதிச் சிவப்பணுக்களின் எண்ணிக்கை பெருகுகிறது. இம்மாற்றங்களுக்கு உரிய காலத்தைத் தராமல் விரைபவரை உயரநோய் பற்றுகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, உறக்கமின்மை ஆகியன இதன் அறிகுறிகள்.

நோய் முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும் அல்லது மூளை வீங்கும். ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல், தள்ளாடிய நடை, மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தாமல் தாழ்ந்த இடத்துக்கு இறக்கி மருத்துவ உதவி பெறச் செய்தல் வேண்டும். இரவு கழியட்டும் எனக் காத்திருப்பது உயிருக்கே ஊறாகலாம்.

உடற்பயிற்சியால் உரம்பெற்ற இளைஞருக்கு இந்நோய் வாராது என்பது தவறான எண்ணம். சமவெளியில் பெற்ற உடல்வலிமை உயரநோயைத் தடுப்பதில்லை. மாறாக, தம் வலிமையை நம்பி விரைந்து ஏறுவோரே பெரிதும் அல்லற்படுகின்றனர்.

தெரியுமா?

லே நகருக்கு வடக்கேயுள்ள கர்துங் லா கணவாயின் உயரம் சுமார் 5,359 மீட்டர். அங்குக் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. அதனால் அங்கு நீர் நூறு பாகை செல்சியசுக்கு வெகு முன்பே கொதித்துவிடும்; பருப்பு வேக நெடுநேரமாகும். உயர்மலை வீடுகளில் அழுத்தக்கலன் இன்றியமையாத பொருளாக விளங்குவதற்கு இதுவே காரணம்.

ஓய்வும் ஒரு பயிற்சி

வானூர்தியில் வந்தவர் முதல் இரண்டு நாள்களை ஓய்வில் கழித்தல் வேண்டும். ஓய்வு என்பது படுத்தே கிடப்பதன்று. அறைக்கு அருகே மெல்ல நடத்தல், போதிய நீர் அருந்துதல், எளிதில் செரிக்கும் உணவை உண்ணுதல், மதுவையும் உறக்க மருந்தையும் தவிர்த்தல் ஆகியன இந்நாள்களுக்குரிய ஒழுங்குகள். காற்று வறண்டிருப்பதால் வியர்வை தெரியாமலேயே உடல் நீரை இழக்கும். கதிரவனின் புறஊதாக் கதிர்கள் கடுமையாகத் தாக்குவதால் கண்ணுக்கும் தோலுக்கும் பாதுகாப்புத் தேவை.

மூன்றாம் நாளில் சற்று நீண்ட நடையைத் தொடங்கலாம். லே நகரின் விளிம்பிலுள்ள சாந்தி தூபிக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. நடந்துகொண்டே இயல்பாகப் பேச முடிகிறதா என்பதே சரியான வேகத்தை அறியும் எளிய அளவுகோல். பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மலையேற்றம் மேற்கொள்வோர் 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருத்தலும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒருநாள் ஓய்வு கொள்ளுதலும் நன்று. பகலில் உயரம் சென்று இரவில் தாழ்ந்த இடத்தில் உறங்குதல் மலையேறுவோர் கைக்கொள்ளும் பழைய நெறி.

லே நகரில் 2012ஆம் ஆண்டு முதல் மாரத்தான் ஓட்டம் நடைபெறுகிறது. அதன் ஒரு பகுதியாக கர்துங் லா வழியே 72 கிலோமீட்டர் ஓடும் போட்டியும் உண்டு. சமவெளியிலிருந்து வரும் ஓட்டக்காரர்கள் பல நாள்கள் முன்னதாகவே வந்து தங்கி உடலைப் பழக்கிக்கொள்கின்றனர். விரைந்து ஓட விரும்புவோரும் முதலில் பொறுத்திருக்கக் கற்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

கற்றலே தொண்டின் தொடக்கம்

உடலுக்குப் பொருந்தும் இவ்விதி தொண்டுக்கும் பொருந்தும். வந்த அன்றே மலையேற முயல்வது எவ்வளவு தவறோ, வந்த அன்றே ஊரைத் திருத்த முனைவதும் அவ்வளவு தவறு. அவ்வூரின் தேவையை அறியாமல் செய்யும் உதவி, விருந்தோம்புவோருக்குச் சுமையாகிவிடும்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, லடாக் மாணவர் கல்வி பண்பாட்டு இயக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வில் லடாக் மாணவருள் பெரும்பாலோர் தோல்வியுற்றுவந்த காலத்தில், 1988ஆம் ஆண்டு சோனம் வாங்சுக் முதலான இளைஞர்கள் இவ்வியக்கத்தைத் தொடங்கினர். குறை மாணவரிடம் இல்லை. அறியாத மொழியிலும் அவர்தம் வாழ்வோடு ஒட்டாத பாடத்திலும் உள்ளது என அவர்கள் உணர்ந்தனர். சிந்து ஆற்றங்கரையில் பே என்னும் சிற்றூருக்கு அருகே அமைந்த இவ்வியக்கத்தின் வளாகம், மண்ணால் கட்டப்பட்டுக் கதிரவன் வெப்பத்தால் கதகதப்பாகிறது. சமையல், தோட்டம், கால்நடை, கணக்கு எனப் பல பொறுப்புகளையும் மாணவர்களே ஏற்று நடத்துகின்றனர்.

இங்கு வரும் தன்னார்வலர்களின் முதன்மைப் பணி, மாணவர்களோடு ஆங்கிலத்தில் உரையாடுவது. கேட்பதற்கு எளிய பணியாகத் தோன்றினாலும், பேசத் தயங்கும் மாணவரின் அச்சத்தைப் போக்குவதற்குப் பொறுமையாகச் செவிமடுக்கும் ஒருவர் தேவைப்படுகிறார். அவ்வாறு வருபவர் மாணவரோடு சேர்ந்து காய்கறி நறுக்குகிறார், தோட்டத்தில் களையெடுக்கிறார். கற்பிக்க வந்தவர் கற்றுச் செல்கிறார்.

பனியைக் காத்துவைத்தோர்

லடாக் உழவரின் பெருந்துயர் வேனிற்காலத் தொடக்கத்தில் நேர்வது. விதைப்பதற்கு ஏப்ரல், மே மாதங்களில் நீர் வேண்டும். உயரத்திலுள்ள பனியாறுகளோ ஜூன் மாதத்தில்தான் மிகுதியாக உருகத் தொடங்கும். குளிர்காலத்தில் ஓடைநீர் எவருக்கும் பயன்படாமல் சிந்துவில் சேரும்.

பொறியாளரான செவாங் நோர்பெல் இந்நிலையை மாற்ற முனைந்தார். குளிர்கால ஓடைநீரை நிழல்படும் பள்ளத்தாக்குக்குத் திருப்பி, சிறு கற்சுவர்களால் அதன் வேகத்தைத் தணித்து, அடுக்கடுக்காக உறையச் செய்தார். ஊர்களுக்கு அருகில், தாழ்ந்த உயரத்தில் உருவான இச்செயற்கைப் பனியாறுகள் விதைப்புக் காலத்திலேயே உருகி நீர் தந்தன. 'பனி மனிதர்' எனப் போற்றப்படும் இவருக்கு 2015ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மே மாதத்தில் ஒரு பாலத்தின் நிழலில் பனிக்கட்டி உருகாமல் இருந்ததைக் கண்ட சோனம் வாங்சுக், இம்முயற்சியை வேறொரு வகையில் வளர்த்தார். உயரமான இடத்திலிருந்து நிலத்தடிக் குழாய் வழியாக நீர் கொண்டுவரப்படுகிறது. உயர வேறுபாட்டால் தோன்றும் அழுத்தமே நீரை மேலே பீய்ச்சுகிறது, இறைப்பான் தேவையில்லை. உறைகுளிரில் சிதறி விழும் துளிகள் உறைந்து கூம்பாக வளர்கின்றன. கூம்பு வடிவத்தில், கொள்ளளவுடன் ஒப்பிட வெயில்படும் பரப்பு குறைவு. ஆதலால் பனி மெல்ல உருகுகிறது. பௌத்தத் தூபியை ஒத்த வடிவம் உடையதால் இது பனித்தூபி எனப் பெயர் பெற்றது. பியாங் என்னும் ஊரில் மாணவரும் தன்னார்வலரும் ஊராரும் ஒன்றுகூடி உழைத்து இத்தகைய தூபியை எழுப்பினர். அந்நீரால் மரக்கன்றுகள் தழைத்தன.

பேரிடர் நாள்களில்

2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் இரவு, லே பகுதியில் மேகவெடிப்பு நிகழ்ந்தது. மரஞ்செடிகள் இல்லாத மலைச்சரிவுகளிலிருந்து சேறும் பாறைகளும் பெருகிவந்து வீடுகளை மூடின. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரின் மருத்துவமனையிலும் சேறு புகுந்தது. அந்நாள்களில் படைவீரரும் ஊர்மக்களும் சேற்றை அகற்றும் பணியில் இரவுபகலாக ஈடுபட்டனர். சுற்றுலாவுக்காக வந்திருந்த பலரும் மண்வெட்டியை ஏந்தி அவர்களோடு நின்றனர். ஏற்கெனவே அவ்வுயரத்துக்குப் பழகியிருந்த உடல் அவர்களுக்குக் கைகொடுத்தது. புதிதாக வந்து இறங்குபவர் அத்தகைய கடும் உழைப்பை உடனே மேற்கொள்ள இயலாது. தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவரே பிறரைக் காக்க இயலும் என்பதை இதனால் உணரலாம்.

விருந்தினர் கடமை

ஹெமிஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய சிற்றூர்களில் பயணிகள் ஊர்மக்களின் வீடுகளிலேயே தங்கலாம். அப்பகுதியில் பனிச்சிறுத்தைகள் ஆடுகளைக் கொல்வதால் மேய்ப்போர் இழப்புக்கு உள்ளாகின்றனர். பனிச்சிறுத்தையைக் காண வரும் பயணிகளால் கிடைக்கும் வருவாய் அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. பகையாகக் கருதப்பட்ட விலங்கு ஊரின் செல்வமாக மதிக்கப்படுகிறது. எங்குத் தங்குகிறோம் என்பதும் ஒருவகைத் தொண்டே.

லடாக்கிய வீடுகளில் நீர் தேவைப்படாத உலர்கழிப்பறைகள் உள்ளன. கழிவின்மீது மண்ணும் சாம்பலும் இடப்பட்டு, அது மட்கியபின் வயலுக்கு எருவாகிறது. நகர விடுதிகளின் நீர்க்கழிப்பறைகளோ அரிய நிலத்தடி நீரைச் செலவழிக்கின்றன. குளிக்கும் நீரைக் குறைத்தல், குடிநீர்ப் புட்டியை உடன்கொண்டு செல்லுதல், தாம் கொண்டுவந்த பிளாஸ்டிக் பொருள்களைத் திரும்ப எடுத்துச்செல்லுதல் ஆகியன சிறு செயல்களாகத் தோன்றலாம். சில வாரம் தங்கிச் செல்பவர் வீணாக்கும் நீர், ஆண்டு முழுவதும் அங்கு வாழ்பவரின் வயலுக்கு உரியது என்பதை மறத்தல் ஆகாது.

லடாக் மக்கள் எதிர்ப்படுவோரை 'ஜூலே' என முகமலர்ந்து வாழ்த்துகின்றனர். வணக்கம், நன்றி, சென்று வருக ஆகிய மூன்றையும் அவ்வொரு சொல்லே உணர்த்துகிறது. உயர்நிலத்துக்குச் செல்லும் விருந்தினர் கடைப்பிடிக்க வேண்டிய நெறியும் இம்மூன்றே: வணங்கி நுழைதல், நன்றியோடு தங்குதல், அந்நிலத்துக்குச் சுமையின்றி விடைபெறுதல்.

கற்பவை கற்றபின்...

1. உயரநோயின் அறிகுறிகளையும் முன்னெச்சரிக்கைகளையும் விளக்கும் அறிவிப்புப் பலகை ஒன்றை உருவாக்குக.

2. செயற்கைப் பனியாறு, பனித்தூபி ஆகியன இயங்கும் முறைகளை ஒப்பிட்டு எழுதுக.

3. 'தேவையை அறியாமல் செய்யும் உதவி சுமையாகும்' என்னும் கருத்தை உங்கள் ஊரின் நிகழ்வு ஒன்றோடு பொருத்தி வகுப்பில் கலந்துரையாடுக.