மூச்சுக்குழலில் ஒரு கடலை

உண்ணும்போது ஒருவருக்குப் புரையேறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் இல்லங்களில் வழக்கம். சற்று நேரத்தில் இருமல் அடங்கிவிடும், நாமும் மறந்துவிடுவோம். பெரும்பாலும் அதனால் தீங்கில்லை. ஆனால் புரையேறியது இரண்டு வயதுக் குழந்தைக்கு, அதன் வாயில் இருந்தது வேர்க்கடலை என்றால், அந்த அமைதியை நம்புதல் ஆகாது. ஏன் ஆகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொண்டைக்குக் கீழே இரண்டு வழிகள் உள்ளன. முன்னால் இருப்பது மூச்சுக்குழல். பின்னால் இருப்பது உணவுக்குழல். விழுங்கும் கணத்தில் குரல்வளை மேலெழும். அதன் மூடி கவிழ்ந்து மூச்சுவழியைக் காக்கும். சிரிக்கும்போதும் அழும்போதும் ஓடும்போதும் திடீரென மூச்சை உள்ளிழுக்கிறோம். அப்போது வாயிலுள்ள பொருள் வழி தவறி உள்ளே செல்லக் கூடும். உடனே எழும் இருமலே நம் உடலின் காவலன்.

குழந்தைகளுக்கு இவ்விடர் மிகுதி. பாற்பற்களில் கடைவாய்ப் பற்கள் எல்லாம் முளைக்க இரண்டு, இரண்டரை ஆண்டுகள் ஆகும். அதுவரை, முன்பல்லால் கடித்த கடலை அரைபடாமல் பாதிப் பருப்பாகவே தொண்டைக்குச் செல்கிறது. மூச்சுக்குழலும் குறுகியது. சீராக ஓடும் காற்றுக்குக் குழல் தரும் தடை, அதன் ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது பாய்சேயின் விதி. ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். பெரியவர் பொறுத்துக்கொள்ளும் சிறு வீக்கம் குழந்தையைத் திணறடிப்பது இதனாலன்றோ!

உள்ளே சென்ற பொருள் குரல்வளையையோ மூச்சுக்குழலையோ முழுதும் அடைத்தால், சில நிமிடங்களில் உயிருக்கு இறுதி. அடைக்காமல் கீழே இறங்கினால், இரு கிளைக்குழல்களுள் ஒன்றில் தங்கும். வலக்கிளை அகன்றது, ஏறக்குறைய நேராகக் கீழிறங்குவது. ஆதலால் பொருள்கள் அங்கேயே மிகுதியாகச் செல்கின்றன; இடப்புறம் செல்வதும் உண்டு. தங்கியபின் குழலின் உட்சுவர் அவ்வுறுத்தலுக்குப் பழகிவிடுகிறது, இருமல் அடங்குகிறது. குழந்தை மீண்டும் விளையாடுகிறது. இந்த அமைதி சில மணி நேரமும் நீடிக்கலாம். சில வாரங்களும் நீடிக்கலாம்.

அமைதிக்குள் நடப்பது என்ன? மூச்சை இழுக்கும்போது கிளைக்குழல் சற்று விரிகிறது. காற்று கடலையைச் சுற்றி உள்ளே நுழைகிறது. வெளிவிடும்போது குழல் சுருங்க, வழி அடைபடுகிறது. சைக்கிள் டியூபின் வால்வைப் போன்றதே இது. புகுந்த காற்று வெளியேற மாட்டாமல் அந்த நுரையீரல் ஊதிப் பெருக்கிறது. பின்னர்க் கடலை ஈரத்தில் ஊறிப் பருக்கும். அதன் எண்ணெய் சுவரை உறுத்தி வீங்கச் செய்யும். வழி முழுதும் அடைந்தபின், சிக்கிய காற்றை இரத்தம் உறிஞ்சிக்கொள்ள, அப்பகுதி சுருங்கிப்போகும். தேங்கிய சளியில் கிருமிகள் பெருகி நிமோனியா தோன்றும். மருந்தால் தணியும், மீண்டும் அதே இடத்தில் வரும். மாதக்கணக்கில் நீடித்தால் சீழ்க்கட்டி உண்டாகலாம். குழலின் சுவர் சிதைந்து நிலையாக விரிந்துவிடலாம். அதன்பின் கடலையை எடுத்தாலும் அப்பகுதி பழைய நிலையை அடைதல் அரிது.

காலத்தே அறிந்தால் எடுப்பதற்கு வழி உண்டு. 1897இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்தாவ் கில்லியன் என்ற மருத்துவர், ஓர் உழவரின் வலக் கிளைக்குழலில் சிக்கிய எலும்புத் துண்டை, வாய்வழியே குழாய் செலுத்தி எடுத்தார். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் (1865–1958) அக்கலையை வளர்த்தார். அவர் சேகரித்த, 2,000க்கும் மேற்பட்ட அத்தகைய பொருள்கள் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பிராங்கோஸ்கோப் எனப்படும் அக்குழாயே, மேலும் திருத்தம் பெற்று, இன்றும் உதவுகிறது.

ஆனால் கடலை உள்ளே இருப்பதை யார் அறிவார்? எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஊக்கு தெரியும், நாணயம் தெரியும், கடலை தெரியாது. ஊதிய நுரையீரலோ சுருங்கிய பகுதியோ குறிப்பால் உணர்த்தலாம். தொடக்கத்தில் படம் குறையின்றியும் இருக்கலாம். இழுப்பொலி கேட்டு ஆஸ்துமா என்று கருதுவதும் உண்டு. ஆகவே, "கடலை தின்றபோது புரையேறியது" என்ற ஒரு வாக்கியம் படத்தைவிடப் பெரிய சான்று.

பெங்களூர்த் தமிழர் இதனைச் சிறப்பாக உணர்தல் வேண்டும். இங்குக் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையன்று பசவனகுடியில் பெரிய நந்தி கோயிலருகே கடலைக்காய்த் திருவிழா நடைபெறுகிறது. அடுகோடியிலிருந்து நாமும் குழந்தைகளைத் தோளில் சுமந்து செல்கிறோம். குழந்தைகளின் மூச்சுவழியில் சிக்கும் பொருள்களைப் பற்றிய இந்திய ஆய்வுகள் பலவற்றில் முதலிடம் பெறுவது இந்தக் கடலையே. தாய் வேலைக்குச் சென்ற நேரத்தில் புரையேறியதைக் கண்டவர் பாட்டி. மருத்துவரிடம் செல்பவர் தாய். இடையில் செய்தி தவறிவிடுகிறது. மொழித் தடுமாற்றமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இருமலுக்குக் கன்னடத்தில் கெம்மு என்று பெயர். "கடலேகாய் தின்னுவாக கெம்மு பந்து" என்ற நான்கு சொற்கள் போதும்.

புரையேறிய குழந்தை உரக்க இருமினால் இருமவிடுக. வாயில் விரலை விட்டுத் துழாவற்க. இருமவும் அழவும் மாட்டாமல் நீலம் பாரித்தால், ஓராண்டு நிரம்பாத குழந்தையைத் தலை தாழுமாறு முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கிடையே 5 முறை தட்டுக. பின் மல்லாத்தி நடுநெஞ்சில் 5 முறை அழுத்துக. ஓராண்டைக் கடந்தவருக்கு முதுகில் 5 முறை தட்டி, பின்னிருந்து அணைத்து மேல்வயிற்றை உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துக. பொருள் வெளிவரும்வரை மாறி மாறிச் செய்க. உடனிருப்பவர் 108ஐ அழைக்கட்டும். நான்கு ஆண்டு நிரம்பும்வரை முழுக்கடலை வேண்டா. பொடித்துக் கொடுத்தால் போதும்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்கிறோம். இனி நாமே நினைவில் வைத்திருப்போம்; இருமல் அடங்கினாலும் அன்றே மருத்துவரிடம் சென்று சொல்வோம்.