சட்டை உரிக்கும் காலத்தில் பாம்புக்கு இரையூட்டல்

மீட்கப்பட்ட பாம்பைக் காப்பில் வைத்திருக்கும் வனத்துறையினரும் பாம்புப் பண்ணைப் பணியாளரும் சிற்சில வேளைகளில் ஐயுறுவதுண்டு. ஒழுங்காக இரை எடுத்துவந்த பாம்பு திடீரென உண்ண மறுக்கிறது. அதன் நிறம் மங்கிக் கண்கள் வெளுக்கின்றன. இது பெரும்பாலும் நோயன்று. சட்டை உரிப்பதற்கான ஆயத்தமே ஆகும்.

பழைய மேல்தோலின் அடியில் புதுத்தோல் வளர்ந்தபின், இரண்டிற்குமிடையே ஒருவகை நீர் பரவுகிறது. பாம்பிற்கு அசையும் இமை இல்லை. கண்ணை மூடியுள்ள ஒளிபுகும் செதிலும் தோலின் பகுதியே. ஆகவே அதுவும் பால்போல் வெளுத்துப் பார்வையை மறைக்கிறது. அவ்வமயம் பாம்பு ஒதுங்கிக் கிடக்கும். தொட்டால் எளிதில் சினந்து தாக்கும்.

இந்நாட்களில் இரையை வாயில் திணித்தல் கூடாது. புதுத்தோல் சிதையலாம், உண்டதைக் கக்கிவிடவும் கூடும். உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டுவைத்தால், அதுவே பாம்பைக் கடித்துப் புண்படுத்தும். குடிநீர், ஈரப்பதம், உராய்வதற்குச் சொரசொரப்பான கல் ஆகியவையே தேவை. கண்கள் மீண்டும் தெளிந்த சில நாட்களில் முகத்திலிருந்து சட்டை கழலத் தொடங்கும்.

கழன்ற சட்டையில் இரு கண்செதில்களும் வால்நுனியும் உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். உடலில் எஞ்சியதைப் பிய்க்காது கால்நடை மருத்துவரிடம் காட்டுக. முழுமையாகக் கழன்றபின் வழக்கமான இரையை அளிக்கலாம். அப்போதும் தொடர்ந்து மறுத்து மெலியுமாயின், நோய் உண்டா என ஆராய்தல் தகும்.

தோட்டத்தில் கிடக்கும் சட்டையில் கண்செதிலை மாணவர்க்கு ஆசிரியர் காட்டலாம். ஆயின் நல்லபாம்பு, சாரை முதலியவற்றை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் உடன் உணர்த்துதல் வேண்டும்.