இரண்டாவது லைன் இருந்தும் பிரிண்டர் ஏன் ஊமையானது?

2017 ஜூன் மாதம், பெருநாள் சீசன். புறக்கோட்டையில் எங்கள் கடையில் பில் போட்டால், வத்தளை ஸ்டோரில் உள்ள பிரிண்டரில் சரக்குச் சீட்டு அடிபடும். அதைப் பார்த்து நாட்டாமைமார் லொறியில் ஏற்றுவார்கள். கடை, ஸ்டோர், கண்டிக் கிளை ஆகிய மூன்றையும் ஒரே நெட்வேர்க்காக ஒரு கொம்பனி இணைத்துத் தந்திருந்தது. ஸ்டோருக்கு மட்டும் இரண்டு லைன். ஒன்று அறுந்தால் மற்றது வேலை செய்யும் என்று சொல்லி, மாதாமாதம் இரண்டுக்கும் காசு எடுத்தார்கள்.

அன்று காலை வீதி வேலையில் முதலாவது லைனின் கேபிள் வெட்டுப்பட்டது. இரண்டாவது லைன் உடனே எழும்பியது. ஸ்டோரில் உள்ள கொம்பியூட்டர்கள் சுணங்காமல் வேலை செய்தன. ஆனால் சீட்டு அடிக்கும் பிரிண்டர் மட்டும் ஊமையாகிவிட்டது. சீட்டு போகவில்லை என்று கடையில் இருந்த பிள்ளை இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் பட்டனை அமத்தினார். சில நிமிடங்களில் பிரிண்டர் தானாகவே உயிர்பெற்று, தேங்கிக் கிடந்த எல்லாச் சீட்டுகளையும் அடித்துத் தள்ளியது. ஒரே கட்டளைக்கு இரண்டு லொறி ஏறியது. சீசன் நேரத்தில் ஒரு லொறிச் சீனி வீணாகப் போய்த் திரும்பி வந்தது.

கொம்பனியிடம் கேட்டபோது, "எங்கள் பக்கம் இரண்டாவது லைன் ஒரு செக்கனுக்குள் வந்துவிட்டது" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல. லைன் வந்துவிட்டது, ஆனால் பட்டியல் மாறவில்லை. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளாமல் இரண்டாவது லைனுக்குக் காசு கட்டும் வர்த்தகர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அவர்களுக்காகவே இவ்வாரக் கட்டுரை.

பட்டியல் எப்படி உருவாகிறது?

இந்தச் சேவைக்கு வீ.பி.எல்.எஸ். என்று பெயர். பல ஊர்களில் உள்ள கிளைகளை, ஒரே கட்டடத்தில் ஒரே சுவிட்ச்சில் செருகியது போல இணைத்துத் தருவது இதன் வேலை. இதற்கான பொது விதிமுறைகள் ஆர்.எப்.சி. 4761, ஆர்.எப்.சி. 4762 என்ற இரண்டு ஆவணங்களாக 2007 ஜனவரியில் வெளியாகின. கொம்பனி நம் ஒவ்வொரு லைனையும் தன்னுடைய ஒரு கருவியில் செருகுகிறது. அந்தக் கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். மூன்று கருவிகளுக்கு மூன்று இணைப்பு. பத்துக் கருவிகளுக்கு 45 இணைப்பு.

நம்மூர் லொறிப் பார்சல் ஒபிஸை நினைத்துப் பாருங்கள். ஒரு வியாபாரியின் பார்சல் எந்த முகவர் மூலம் வந்ததோ, அதைக் கிளார்க் கொப்பியில் குறித்து வைக்கிறார். பிறகு அந்த வியாபாரிக்குப் பார்சல் போனால் அதே முகவரிடம் அனுப்புகிறார். கொப்பியில் பெயர் இல்லாவிட்டால் எல்லா முகவர்களிடமும் ஒவ்வொரு பிரதி அனுப்பிப் பார்க்கிறார்.

கொம்பனியின் கருவியும் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் பிரிண்டருக்கும் மெக் அட்ரஸ் என்று ஒரு முகவரி உண்டு. தரவு வரும்போது அனுப்பியவரின் முகவரியைப் பார்த்து, "இவர் இந்தப் பக்கம் இருக்கிறார்" என்று கருவி பதிந்துகொள்கிறது. இங்கே ஒரு விடயத்தை நன்றாகக் கவனியுங்கள்: அனுப்புபவரைப் பார்த்துத்தான் பட்டியல் பதியப்படுகிறது, பெறுபவரைப் பார்த்து அல்ல. பேசாமல் இருப்பவரைப் பற்றிய பதிவு பழையதாகவே கிடக்கும். பொதுவாக, ஒரு முகவரியிடமிருந்து 300 செக்கன் எதுவும் வராவிட்டால் அந்தப் பதிவு அழிக்கப்படும். அதாவது ஐந்து நிமிடம்.

நடுவில் அறுந்தால் ஒன்று, ஓரத்தில் அறுந்தால் வேறொன்று

கொம்பனியின் கருவிகளுக்கு இடையிலுள்ள பாதை அறுந்தால் நமக்குப் பெரிய சேதமில்லை. 2005இல் வெளியான ஆர்.எப்.சி. 4090 விவரிக்கும் முறையில், மாற்றுப் பாதையை முன்கூட்டியே தயாராக வைத்திருந்து, சில பத்து மில்லி செக்கன்களில் மாற்றிவிடுவார்கள். வத்தளைக்குரிய கருவி அதே கருவிதான். போகும் வழி மட்டுமே மாறுகிறது. எனவே பட்டியலில் எதையும் திருத்தத் தேவையில்லை.

ஆனால் நம் ஸ்டோருக்கும் கொம்பனியின் கருவிக்கும் இடையிலுள்ள லைன் அறுந்தால் கதை வேறு. எங்கள் ஸ்டோரின் முதலாவது லைன் ஒரு கருவியிலும், இரண்டாவது லைன் இன்னொரு கருவியிலும் இருந்தன. கேபிள் வெட்டுப்பட்டதும் ஸ்டோர் இரண்டாவது கருவிக்கு மாறியது. புறக்கோட்டைப் பக்கத்துக் கருவியின் பட்டியலிலோ, "வத்தளைப் பிரிண்டர் முதலாவது கருவிப் பக்கம்" என்றே இருந்தது. சீட்டுகள் எல்லாம் அங்கேயே போய் விழுந்தன.

முதலாவது கருவி அவற்றை இரண்டாவது கருவிக்குத் தள்ளிவிட்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அதற்கு அனுமதியில்லை. ஒரு சக கருவியிடமிருந்து வந்ததை இன்னொரு சக கருவிக்குக் கொடுக்கக் கூடாது என்பது வீ.பி.எல்.எஸ். விதி. அந்த விதி இல்லாவிட்டால் தரவு வட்டமாகச் சுற்றிச் சுற்றி முழு நெட்வேர்க்கையும் அடைத்துவிடும். ஆகவே சீட்டுகள் அங்கேயே கொட்டப்பட்டன.

கொம்பியூட்டர்கள் ஏன் தப்பின? அவை ஓயாமல் சேர்வருக்கு எதையாவது அனுப்பிக்கொண்டிருந்தன. புதிய லைனால் முதல் தரவு போனதுமே பட்டியல் திருத்தப்பட்டது. பிரிண்டரோ கேட்டால்தான் பேசும். கடைக் கொம்பியூட்டர் "இந்த முகவரி யாருடையது?" என்று எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டு, பிரிண்டர் பதில் சொல்லியிருந்தால் சீக்கிரம் சரியாகியிருக்கும். அப்படி நடக்காவிட்டால் ஐந்து நிமிடம் வரை காத்திருக்க வேண்டியதுதான். பிரிண்டரை ஓப் செய்து ஓன் செய்தால் வேலை செய்வதன் இரகசியமும் இதுவே. எழும்பும்போது அது நெட்வேர்க்கில் ஏதாவது பேசும். அந்தப் பேச்சு பட்டியலைத் திருத்திவிடும்.

அழிக்கச் சொல்லும் செய்தி

இதற்குப் பரிகாரம் ஆர்.எப்.சி. 4762இலேயே இருக்கிறது. லைன் மாறியவுடன், புதிதாகப் பொறுப்பேற்ற கருவி மற்றக் கருவிகளுக்கு ஒரு செய்தி அனுப்பும்: "இந்த வாடிக்கையாளரின் பட்டியலில், என்னிடமிருந்து கற்றவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்." பட்டியல் வெறுமையானதும் சீட்டு எல்லாப் பக்கமும் அனுப்பப்படும், புதிய லைன் வழியாகப் பிரிண்டரையும் சென்றடையும். ஐந்து நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. வத்தளையின் லைன் மாறியதற்காகக் கண்டிக் கிளையின் பதிவுகளும் சேர்ந்து அழிகின்றன. மீண்டும் கற்கும் வரை எல்லாத் தரவும் எல்லாக் கிளைக்கும் போகும். சிறிய வேகமுள்ள லைன் பாவிக்கும் கிளை அந்த நேரத்தில் திணறும். இதைக் குறைக்க 2014இல் ஆர்.எப்.சி. 7361 வந்தது. அதன்படி, லைனை இழந்த கருவி "என்னிடமிருந்து கற்றவற்றை மட்டும் அழியுங்கள்" என்று சொல்லலாம். மற்றவர்களின் பதிவு தப்பும்.

2015 பெப்ரவரியில் வெளியான ஆர்.எப்.சி. 7432, ஈ.வீ.பி.என். என்ற புதிய முறையை விவரித்தது. இதில் ஒரு கருவி தன்னிடம் யார் யார் இருக்கிறார்கள் என்று மற்றக் கருவிகளுக்குத் தானே அறிவிக்கிறது. லைன் அறுந்தால், அந்த லைனுக்குப் பின்னாலுள்ள எல்லோரையும் ஒரே அறிவித்தலில் வாபஸ் வாங்கலாம். இரண்டு லைன்களையும் ஒரே நேரத்தில் பாவிக்கவும் வழியுண்டு. புதிதாக ஒப்பந்தம் செய்பவர்கள் முதலில் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

கையொப்பம் வைக்க முன் கேட்க வேண்டியவை

1. இரண்டு லைன்களும் ஒரே கருவியிலா, வேறு வேறு கருவிகளிலா? ஒரே குழாயில் ஒரே வீதியால் வருகின்றனவா? அப்படியானால் ஒரு மண்வெட்டி இரண்டையும் வெட்டிவிடும்.

2. லைன் மாறும்போது பட்டியலை அழிக்கும் செய்தி அனுப்பப்படுமா? நம் சுவிட்ச் தன் பட்டியலை உடனே அழித்தாலும், கொம்பனியின் கருவி தானும் அழிக்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு பட்டியல்கள்.

3. லைன் பாதி செத்த நிலையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நடுவில் பைபர் மாற்றிப் பெட்டி ஒன்று இருந்தால், அந்தப் பக்கம் கேபிள் அறுந்தாலும் இந்தப் பக்கம் பச்சை விளக்கு எரியலாம். இரண்டு முனைகளும் அடிக்கடி "இருக்கிறாயா?" என்று விசாரித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

4. முதலாவது லைன் திருத்தப்பட்ட பின், எப்போது அதற்குத் திரும்புவார்கள்? திரும்பும்போதும் பட்டியல் பிழைக்கும். பட்டப்பகலில் தானாகத் திரும்பாமல், கடை பூட்டிய பின் மாற்றும்படி கேளுங்கள்.

5. ஒப்பந்தத்தில் "லைன் மாறும் நேரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். "ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தரவு மீண்டும் போய்ச் சேரும் நேரம்" என்று எழுதச் சொல்லுங்கள். நாம் காசு கொடுப்பது இதற்குத்தான்.

சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்

போயா தினத்தில் கடை பூட்டியிருக்கும்போது, கொம்பனியின் ஆளை வைத்துக்கொண்டு முதலாவது லைனைக் கழற்றிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஸ்டோரில் இருந்துகொண்டு கடைக் கொம்பியூட்டரைக் கூப்பிட்டுச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். நீங்கள் அனுப்பும் தரவே பட்டியலைத் திருத்திவிடும் அல்லவா? மறுபக்கத்திலிருந்து, அதாவது கடையிலிருந்து, ஸ்டோரில் சும்மா இருக்கும் பிரிண்டரையோ கெமரா பெட்டியையோ கூப்பிடுங்கள். எத்தனை செக்கனில் பதில் வருகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதி வையுங்கள். பிறகு லைனை மீண்டும் செருகி, திரும்பும் நேரத்தையும் அப்படியே எழுதுங்கள்.

சோதனை ஆர்வத்தில் இரண்டு லைன்களையும் நம் சுவிட்ச்சில் ஒரே நேரத்தில் திறந்துவிட வேண்டாம். கொம்பனியின் விதி அதன் கருவிகளுக்கு இடையில்தான் சுற்றைத் தடுக்கிறது. நம் சுவிட்ச் வழியாக ஒரு வட்டம் உருவானால் மூன்று கிளைகளும் ஒன்றாக நின்றுவிடும்.

கடைசியாக நம் பக்கத்து வேலை ஒன்று. எங்கள் நட்டத்தில் பாதி பட்டியலால் வந்தது. மறுபாதி, ஒரே சீட்டு மூன்று தடவை அடிபட்டதை யாரும் கவனிக்காததால் வந்தது. இப்போது எங்கள் சீட்டில் பில் இலக்கம் பெரிதாக அடிபடுகிறது. ஒரு இலக்கத்துக்கு ஒரு லொறி மட்டுமே. இரண்டாவது சீட்டு வந்தால் ஏற்ற முன் கடைக்குப் போன் எடுக்க வேண்டும். பட்டன் வேலை செய்யாவிட்டால் திரும்பத் திரும்ப அமத்தக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். லைன் என்றால் அறுபடத்தான் செய்யும். அறுந்த பிறகு சரக்கு எந்தப் பக்கம் போகிறது என்பதை அறிந்து வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு.