பொதுப்பெயர் இணைய முகவரி: முதல் போடத் தகுந்த சரக்கா?

அரிசி, மசாலா, மளிகை என்று பொருளின் பெயரையே இணைய முகவரியாகப் பதிந்து வைத்துக்கொண்டு, அதை வியாபாரிகளிடம் சில லட்சங்களுக்கு விலை பேசுவோர் உண்டு. "கடைத்தெரு முனையில் மனை வாங்குவது போலத்தான், வாங்கிப் போட்டால் விலை ஏறும்" என்பது தரகர் வாதம். நம்மவர்கள் பேச்சை விட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இது மனை அல்ல, குத்தகை. ஒரு '.காம்' பெயரை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே பதியலாம். கட்டணம் கட்டத் தவறினால் பெயர் கைவிட்டுப் போய்விடும்.

தரகர் வாதத்தில் ஒரு காலத்தில் உண்மை இருந்தது. 1990களில் தேடு இயந்திரங்கள் இன்றைய அளவு தேறவில்லை. ஒரு பொருள் வேண்டுமென்றால் அதன் பெயரோடு '.காம்' சேர்த்துத் தட்டிப் பார்ப்போர் நிறைய இருந்தனர். அப்படிப்பட்ட காலத்தில், 1999இல், பிசினஸ்.காம் என்ற பெயர் 75 லட்சம் டாலருக்கு விலைபோனது. 2019இல் வாய்ஸ்.காம் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. இந்த இரண்டையும்தான் தரகர் எடுத்துக் காட்டுவார். லாட்டரியில் விழுந்தவன் படம்தானே பத்திரிகையில் வரும்!

நம் தொழிலுக்கு நெருக்கமான ஒரு கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2005இல் இருவர் குழந்தை டயப்பர்களை இணையத்தில் விற்கத் தொடங்கினர். முதலில் கடைக்கு வேறு பெயர். வியாபாரம் வளர்ந்த பிறகே டயப்பர்ஸ்.காம். பின்னர் சோப்.காம் என்றும் ஒரு கடை போட்டார்கள். பொருளின் பெயரே கடையின் பெயர். இதைவிடப் பொதுவான பெயர் கிடைக்காது. ஆனால் அமேசான் டயப்பர் விலையை அடிமட்டத்துக்கு இறக்கி நெருக்கியபோது, அந்தப் பெயர் அவர்களுக்கு அரணாக நிற்கவில்லை. 2010இல் சுமார் 54 கோடி டாலருக்கு அமேசானிடமே நிறுவனத்தை விற்றார்கள். 54 கோடியா என்று மலைக்க வேண்டாம். விலை கிடைத்தது மாதந்தோறும் தவறாமல் வாங்கும் தாய்மார்களுக்கும், கிடங்குக்கும், வேகமான பட்டுவாடாவுக்கும் என்பதே நம் கருத்து. 2017இல், ஏழாண்டு முயன்றும் லாபம் வரவில்லை என்று சொல்லி அமேசான் இரு கடைகளையும் மூடியது. வாங்கி மூடிய அமேசானின் பெயரோ ஓர் ஆற்றின் பெயர். எந்தச் சரக்கையும் அது குறிக்கவில்லை. பெட்ஸ்.காம் கதை இன்னும் சுருக்கம்: 2000 பிப்ரவரியில் பங்கு வெளியீடு, அதே நவம்பரில் கடையடைப்பு.

நம் பேரேட்டுக்கு வருவோம். ஒரு பெயரை 5 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 சதவீதம் தனிவட்டி என்றால் 5 ஆண்டில் வட்டி மட்டும் 3 லட்சம். புதுப்பிப்புக் கட்டணம் சில ஆயிரம். விற்கும்போது தரகு 15 சதவீதம் என்றால், ஒன்பதரை லட்சத்துக்கு விற்றால்தான் கைநட்டம் இல்லை. அந்தப் பெயருக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. வாங்குபவர் ஒருவரே, அவர் வரும் வரை காத்திருக்க வேண்டும். அதே 5 லட்சம் பருப்பிலும் எண்ணெயிலும் இருந்தால் ஆண்டில் எத்தனை சுற்று வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

போட்டியாளரைத் தடுக்கவும் இது உதவாது. பொருளின் வகையையோ தரத்தையோ மட்டும் குறிக்கும் சொல்லுக்கு 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி சாதாரணமாக உரிமை கிடைக்காது. பக்கத்துக் கடைக்காரர் ஓர் எழுத்தைக் கூட்டியோ, '.காம்' இடத்தில் '.ஷாப்' என்று போட்டோ அதே பெயரைப் பதியலாம். 2013 முதல் இத்தகைய ஈற்றுகள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. அதே சமயம், பிறருடைய பிரபலமான கடைப் பெயரைப் பதிந்து வைத்து விற்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இணையப் பெயருக்கும் வணிகக்குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

ஆகவே லட்சங்களை இதில் முடக்க வேண்டியதில்லை. உங்கள் கடைப் பெயரைப் பதிந்துகொள்ள ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் ஆகும்; அதைச் செய்துவிடுங்கள். பதியும்போது உரிமையாளர் என்ற இடத்தில் இணையதளம் அமைத்துத் தரும் பையன் பெயர் இல்லாமல், உங்கள் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெடு தவறி '.காம்' பெயர் நீக்கப்பட்டால், அதன்பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அப்போது கட்டணம் பல மடங்கு.