வீடு பார்க்கப் போகுமுன் அறிந்திருக்க வேண்டிய சட்டம்

பேராதனை, கண்டிப் பக்கங்களில் தங்கியிருந்துவிட்டு வடக்கு, கிழக்கிலுள்ள சொந்த ஊருக்குத் திரும்பும் நீங்கள் முதலில் வீட்டையும் கிணற்றையும் பார்க்கத்தான் போவீர்கள். இடம்பெயர்ந்திருந்த சிலர் 2000 டிசம்பர் 19 அன்று மிருசுவிலுக்குப் போனதும் அதற்காகவே. அவர்களில் ஐந்து வயதுப் பிள்ளை உட்பட எட்டுப் பேர் கொன்று புதைக்கப்பட்டனர். ஒருவர் காயத்துடன் தப்பினார். அவர் உடனே சொன்னதால் சில நாட்களிலேயே சடலங்கள் தோண்டியெடுக்கப்பட்டன.

வழக்கு போர்க்குற்றம் என்ற பெயரில் நடக்கவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் கொலை வழக்காகவே நடந்தது. 2015 ஜூனில் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவ சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை விதித்து, மற்ற நால்வரை விடுவித்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். பதினான்கு வருடங்களுக்கு மேல் காத்துக் கிடைத்த தண்டனை ஐந்து வருடங்கூட நிற்கவில்லை. ஆனாலும் அங்கே நடந்தது இரு நீதிமன்றத் தீர்ப்புகளில் எழுதப்பட்டாயிற்று.

"சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டத்தில் இலங்கை சேரவில்லை. இங்கு நடந்தவற்றை அந்த நீதிமன்றம் விசாரிக்க, பொதுவாக, ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்ப வேண்டும், அல்லது இலங்கையே சம்மதிக்க வேண்டும். வேறு வழிகள் மெதுவானவை. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின்படி, எதிர்கால வழக்குகளுக்காகச் சாட்சியங்கள் திரட்டிப் பாதுகாக்கப்படுகின்றன. சில நாடுகள் பிற நாட்டில் நடந்த போர்க்குற்றத்தையும் தம் சட்டப்படி விசாரிக்கும். 2000 இல் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் தொடர்பாக 2022 இல் இங்கிலாந்துப் பொலிஸார் ஒருவரைக் கைதுசெய்து விசாரித்தது அப்படித்தான்.

எந்த வழியானாலும் கேட்கப்படுவது பதிவுதான். காணியைத் துப்புரவாக்கும்போது எலும்போ உடைகளோ தென்பட்டால் கிளறாதீர்கள், எடுத்து வைக்காதீர்கள். 2012 இல் பக்கத்து மாத்தளையில் வைத்தியசாலைக் காணியில் 150 க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் நீதிமன்ற மேற்பார்வையில்தான் எடுக்கப்பட்டன. கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸுக்கும் அறிவியுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அரச அதிகாரி எவராவது உங்கள் உரிமையை மீறினால், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அதன் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கண்டியிலும் உண்டு. முறைப்பாட்டின் ஒரு பிரதியை நீங்கள் போகுமிடத்துக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்றை இங்கே நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுச் செல்லுங்கள்.